டாக்டர் சூஸ் படத்தைப் பார்த்தாச்சு, நாமக்கல் கவிஞர் படத்தை எங்கே பார்க்கிறது?

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஆபீஸ் வேலையா அமெரிக்கா போயிருந்தப்ப ஒரு கண்காட்சி பார்த்தேன். குழந்தைகளுக்கு எழுதின டாக்டர் சூஸ் வரைஞ்ச, ஆனா அவர் புத்தகங்கள்ல வராத படங்கள். பார்த்துட்டு வந்ததிலிருந்து ஒரு கடுப்பு உள்ளே ஓடிக்கிட்டே இருக்கு. அமெரிக்காக்காரன் மேல இல்லீங்க (அவன் மேலயும் கொஞ்சம் இருக்கு, சொல்றேன்). கடுப்பு எங்க ஊர் மேல. நாமக்கல் மேல. பழைய தாய் மாவட்டமான சேலத்தையும் சேர்த்துத்தான்.

ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி, டாக்டர் சூஸ் யாருன்னு தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். நிஜப் பேரு தியோடர் சூஸ் கைசல். 1904ல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட் ஊர்ல பிறந்தவர், 1991ல் இறந்தார். முதல் வகுப்புப் பிள்ளைங்க தானா படிக்கணும்னு 236 வார்த்தைகளை மட்டும் வெச்சு 'தி கேட் இன் தி ஹேட்' எழுதினார் (1957). அப்புறம் பதிப்பாளர் பந்தயம் கட்டினார்னு வெறும் 50 வார்த்தையில 'கிரீன் எக்ஸ் அண்ட் ஹாம்' (1960). எழுத்தும் அவரே, படமும் அவரே. அமெரிக்காவுல பிறந்த நம்மாளுங்க வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் இவரைத்தான் மனப்பாடமா ஒப்பிக்கும்.

இந்த மனுஷன் ராத்திரி நேரத்துல தனக்காக மட்டும் வரைஞ்சு வீட்டுக்குள்ளேயே வெச்சிருந்த படங்கள் நிறைய இருந்திருக்கு. அவர் செத்தப்புறம்தான் அதெல்லாம் வெளியே வந்து 1995ல் புத்தகமாச்சு. 1997லேர்ந்து கேலரி கேலரியா சுத்துது. நான் போன கேலரியிலும் அதுதான். இருட்டுக் கலர்ல பூனைங்க, முடிவே இல்லாத படிக்கட்டுங்க, தனியா நிக்கிற விசித்திரப் பிராணிங்க. ஒரு சுவர்ல மிருகத் தலைகள். அவங்கப்பா ஊர்ப் பூங்காக்களை மேற்பார்வை பார்த்தவர், அங்கே மிருகக்காட்சி சாலையும் உண்டு. அங்கே செத்த பிராணிகளோட கொம்பு, அலகு எல்லாம் மகனுக்கு அனுப்பி வைப்பாராம். மகன் 1930கள்ல அதை வெச்சு இல்லாத மிருகத்துக்கெல்லாம் தலை செஞ்சு மாட்டியிருக்கார். குழந்தைப் புத்தகத்துல சிரிக்கிற அதே கை, இங்கே வேற என்னமோ யோசிச்சிருக்கு. ஒரு மணி நேரம் நின்னு பார்த்தேன்.

இப்ப அவன் மேல உள்ள கடுப்பு. சுவர்ல இருந்தது எல்லாம் பிரதி. மனுஷன் செத்து பல வருஷம் கழிச்சு, வாரிசுங்க அனுமதியோட அச்சடிச்சு, ஓரத்துல நம்பர் போட்டு, ஆயிரக்கணக்கான டாலருக்கு விக்கிறாங்க. கண்காட்சின்னு பேரு, நடக்கிறது கடை. நான் போட்டிருந்த சட்டையைப் பார்த்ததுமே 'இவன் வாங்க மாட்டான்'னு அங்கே நின்ன அம்மணிக்குத் தெரிஞ்சு போச்சு :-)

அதைவிடப் பெரிய விஷயம், மாட்டாம விட்ட படங்கள். 1941லேர்ந்து 1943 வரைக்கும் 'பி.எம்.' அப்படிங்கற நியூயார்க் பத்திரிகைக்கு சூஸ் நானூறுக்கும் மேல அரசியல் கார்ட்டூன் போட்டார். ஹிட்லரை வெளுத்து வாங்கினார், கறுப்பின மக்களுக்கு வேலை தராத முதலாளிகளையும் வெளுத்தார். ஆனா அதே கை, 1942 பிப்ரவரி 13ஆம் தேதி, அமெரிக்காவுலயே வாழ்ந்துக்கிட்டிருந்த ஜப்பானியர்கள் எல்லாம் வரிசையில நின்னு வெடிமருந்து வாங்கற மாதிரி ஒரு படம் போட்டுச்சு. ஆறே நாள்ல ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்ட உத்தரவால ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்ல அடைச்சாங்க. அப்புறம் ஜப்பானுக்குப் போய்ப் பார்த்துட்டு வந்து, 1954ல 'ஹார்ட்டன் ஹியர்ஸ் எ ஹூ' எழுதி கியோட்டோவைச் சேர்ந்த ஒரு ஜப்பானியப் பேராசிரிய நண்பருக்கு அர்ப்பணிச்சார். எவ்வளவு சின்ன ஆளா இருந்தாலும் மனுஷன் மனுஷன்தாங்கறது அந்தக் கதை. மாறின மனுஷனைப் புரிஞ்சுக்க ரெண்டு படமும் பக்கத்துப் பக்கத்துல வேணும். கடைக்காரன் ஒண்ணை மட்டும்தான் மாட்டுவான்.

ஆனா கவனிங்க. கடைக்காரன் மறைச்சாலும் அங்கே வேற வாசல் இருக்கு. அந்தக் கார்ட்டூன்களை சான் டியாகோவுல உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக நூலகம் பத்திரமா வெச்சு இணையத்துலயும் ஏத்தியிருக்கு. ஸ்பிரிங்ஃபீல்ட்ல 2017ல் அவருக்குன்னு ஒரு அருங்காட்சியகம் திறந்தாங்க. திறந்த வருஷமே, அங்கே சுவர்ல இருந்த ஒரு சீனாக்காரர் உருவம் கேலியா இருக்குன்னு வேற குழந்தை எழுத்தாளர்கள் சண்டைக்கு வந்தாங்க, அதை மாத்தறதா அறிவிச்சாங்க. 2021ல் அவரோட ஆறு புத்தகங்களை இனிமே அச்சடிக்க மாட்டோம்னு அவங்க நிறுவனமே சொல்லிடுச்சு. சரியா தப்பான்னு இன்னும் அடிச்சுக்கறாங்க. அடிச்சுக்கட்டும். படம் கண்ணு முன்னாடி இருந்தாத்தானே அடிச்சுக்கவே முடியும்?

இப்ப எங்க ஊருக்கு வரேன்.

நாமக்கல் கவிஞர் வெ. ராமலிங்கம் பிள்ளை. 1888ல் மோகனூர்ல பிறந்தவர், 1972ல் மறைஞ்சார். சென்னை மாகாணத்தோட முதல் அரசவைக் கவிஞர் (1949). 'மலைக்கள்ளன்' நாவல் அவரோடது, அதுதான் 1954ல் எம்.ஜி.ஆர். நடிச்சு படமாச்சு. 1971ல் பத்மபூஷண். தமிழ்நாட்டுப் பிள்ளைங்க அவரை முதல்ல சந்திக்கிறது குழந்தையா இருக்கிறப்பதான். நிமிந்து நிக்கச் சொல்ற அந்த ரெண்டு வரி இல்லாம பள்ளிக்கூட ஆண்டு விழா ஏது, பேச்சுப் போட்டி ஏது?

அவர் ஓவியர்ங்க. போற போக்குல ஏதோ கிறுக்கினவர் இல்லை. கவிஞர்னு பேர் வாங்கறதுக்கு முன்னாடியே ஓவியர்னு பேர் வாங்கினவர். தாசில்தார் ஆபீஸ் குமாஸ்தா வேலையும் பார்த்தார், பள்ளிக்கூட வாத்தியார் வேலையும் பார்த்தார், ரெண்டுலயும் தங்கலை. படம் வரைஞ்சுதான் பொழைச்சார். ராமகிருஷ்ண பரமஹம்சரை வரைஞ்சார். டில்லி தர்பாரை ஒட்டி, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் குடும்பத்தை வரைஞ்சு 1912ல் தங்கப் பதக்கம் வாங்கினார். செட்டிநாட்டுப் பக்கம் கானாடுகாத்தான்ல பாரதியாரைச் சந்திச்சப்ப, பாரதிக்கு இவரை ஓவியர்னுதான் அறிமுகப்படுத்தினாங்க. பாட்டும் கட்டுவார்ங்கறது பாரதிக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது.

மேலே சொன்ன பதக்கத்தைக் கொஞ்சம் யோசிங்க. 1912ல் இங்கிலாந்து ராஜாவை வரைஞ்சு பதக்கம் வாங்கினார். 1930ல் ராஜாஜி வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தப்ப தொண்டர்கள் பாடிக்கிட்டே போனது இவர் எழுதின பாட்டு. 1932ல் ஒரு வருஷம் சிறை. அப்பவும் சிம்மாசனத்துல இருந்தது அதே ஐந்தாம் ஜார்ஜ்தான்! யாரோட முகத்தைப் பார்த்துப் பார்த்து வரைஞ்சாரோ, அவரோட ஜெயிலுக்கே இருபது வருஷத்துல போயிருக்கார். இந்த ரெண்டுக்கும் நடுவுல அந்த மனுஷனுக்குள்ள என்னென்ன நடந்திருக்கும்? ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையன் முன்னாடி அந்த ராஜா படத்தை ஒரு பக்கமும் உப்புப் பாட்டை இன்னொரு பக்கமும் வெச்சா, அவன் கேக்கற கேள்விக்கு வாத்தியார் ஒரு வாரம் பதில் சொல்லணும். அதுதான் படிப்பு.

நாம வெச்சிருக்கிறது என்ன? பாட்டு மட்டும். அதுலயும் ரெண்டு வரி. நான் படிச்சப்ப ஆசிரியர் குறிப்புல ஓவியர்ங்கற வார்த்தை எட்டிப் பார்த்திருந்தாலும், ஒரு படத்தைக் காட்டி 'இதை வரைஞ்சது நம்ம ஊர்க்காரர்டா'ன்னு யாரும் சொன்னதில்லை. பிறந்த ஊர் என்ன, ரெண்டு மார்க். நூல்கள் யாவை, ரெண்டு மார்க்.

மரியாதை செய்யலைன்னு நான் சொல்லலீங்க. சென்னைத் தலைமைச் செயலகத்துல பத்து மாடிக் கட்டடத்துக்கு அவர் பேருதான். நாமக்கல்ல அவர் வீடு நினைவு இல்லமா இருக்கு, நூலகமும் இருக்கு. நல்ல காரியம். ஆனா பேர் வைக்கிறது சுலபம். பேர் கேள்வி கேக்காது. ஒருத்தரை ரெண்டு வரியா சுருக்கி சுவர்ல எழுதிட்டா, மாலை போட்டுட்டுப் போயிடலாம். படத்தை மாட்டினா நின்னு பார்க்கணும்.

இது அமெரிக்காவுல மட்டும்தான் முடியும்னு நினைக்காதீங்க, காசு விஷயமும் இல்லை. இங்கிலாந்துல ஆம்பிள்சைடுன்னு ஒரு ஊர், நம்ம ராசிபுரத்தைவிட ரொம்பச் சின்னது. அங்கே ஆர்மிட்னு ஒரு சின்ன அருங்காட்சியகம். 'பீட்டர் ராபிட்' முயல் கதைகள் எழுதின பியாட்ரிக்ஸ் பாட்டர் வரைஞ்ச நூத்துக்கணக்கான காளான் படங்கள் அங்கேதான் இருக்கு. முயலுக்குச் சட்டை போட்டு விட்ட அந்த அம்மா, காளானை நுண்ணோக்கியில பார்த்து ஆராய்ச்சி செஞ்சவங்க. 1897ல் அவங்க கட்டுரை லண்டன் லின்னேயன் சங்கத்துக்குப் போச்சு, ஆனா பொம்பளைங்க கூட்டத்துக்கு வரக்கூடாதுன்னு வேற ஒரு ஆம்பளைதான் சமர்ப்பிச்சார். அந்தப் படங்கள் 1967ல் காளான் பத்தின ஒரு அறிவியல் புத்தகத்துக்கே பயன்பட்டுச்சு. சின்ன ஊர் பத்திரமா வெச்சிருந்தது, அதனால இன்னைக்கும் பார்க்க முடியுது.

நம்ம நாட்டுலயே பாருங்க. தாகூர் அறுபது வயசுக்கு மேலதான் தீவிரமா வரைய ஆரம்பிச்சார், 1930ல் பாரிஸ்ல முதல் கண்காட்சி. இன்னைக்கு அவர் ஓவியங்கள் சட்டப்படி தேசியக் கலைச் செல்வம், நாட்டை விட்டு வெளியே விக்க முடியாது. வங்காளிப் பையனுக்குத் தாகூர் பாட்டும் தெரியும், படமும் தெரியும்.

எங்க ஊருக்கு ஏன் தோணலை? என் பதில் இதுதான். படம் வரையறது ஒரு வேலைன்னே நாங்க மதிக்கிறதில்லை.

நாமக்கல்னா முட்டை, லாரி, பள்ளிக்கூடம். மூணாவதுக்கும் முதலாவதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லைன்னுதானே 'பிராய்லர் பள்ளி'ன்னு பேர் வந்துச்சு? நானும் அப்படி ஒரு ஹாஸ்டல் பள்ளியில படிச்சவன்தான். விடியக்காலை எழுப்பி ராத்திரி பத்து வரைக்கும் ஸ்டடி. பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிட்டு நேரா பிளஸ் டூ. இந்தக் கூத்தைத் தடுக்கத்தான் அரசு 2017-18ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டு வந்தது. என் வகுப்புல ஒருத்தன் ரஃப் நோட்டோட கடைசிப் பக்கத்துல வார்டன் முகத்தை அச்சு அசலா வரைவான். அந்த நோட்டு எரிஞ்ச கதையை இங்கே எழுதலை. பென்சிலைப் படம் வரையறதுக்காகப் பிடிச்சா யாரும் திட்டலைங்கறதை நான் முதல் முதலா பார்த்தது இன்ஜினியரிங் முதல் வருஷம், கிராஃபிக்ஸ் பேப்பர்ல. அதுவும் கூம்பை வெட்டினா எப்படி இருக்கும்னு வரையறது.

இப்ப என் அக்கா பொண்ணு மூணாவது படிக்கிறா. டைம்டேபிள்ல வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் டிராயிங்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. 'என்ன கண்ணு வரைஞ்சே?'ன்னு கேட்டேன். 'அது டிராயிங் பீரியட் மாமா, அப்ப கணக்கு டெஸ்ட் வெப்பாங்க'ன்னு சொல்றா. அவளுக்கு அதுல ஆச்சரியமே இல்லை.

தனியார் பள்ளியை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. 2012ல் தமிழ்நாடு அரசு ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி மாதிரிப் பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தது. வாரத்துக்கு மூணு அரை நாள் வேலை, மாசச் சம்பளம் 5,000 ரூபாய். அப்புறம் சம்பளம் கொஞ்சம் கொஞ்சமா ஏறுச்சு. நிரந்தரம் பண்ணுங்கன்னு அவங்க வருஷக்கணக்கா தெருவுல உக்கார வேண்டியிருந்தது. ஒரு டிராயிங் மாஸ்டருக்கு இந்த நாடு போட்ட விலை அது.

அந்த மாஸ்டரால என்ன ஆயிடப் போகுதுன்னு கேக்கறவங்களுக்கு ஒரு ஆளைக் காட்டறேன். அம்புலிமாமாவுல தோள்ல வேதாளத்தைப் போட்டுக்கிட்டு, கையில கத்தியோட விக்கிரமாதித்தன் நடந்து வர்ற படம். அதை வரைஞ்ச ஓவியர் சங்கர் (கே.சி. சிவசங்கரன்) நம்ம கொங்கு நாட்டுக்காரர். 1924ல் தாராபுரம் பக்கம் பிறந்தவர். பி.ஏ. எல்லாம் வேண்டாம், ஓவியப் பள்ளிக்குப் போன்னு சொன்னதே அவரோட பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர்தான். 2020ல் இறந்தார், அடுத்த வருஷம் பத்மஸ்ரீ. பல மொழிகள்ல பல தலைமுறைப் பிள்ளைங்க கண்ணுக்குள்ள இருக்கிற படம் அது. அதுக்குப் பின்னாடி ஒரு மாஸ்டர் சொன்ன ஒரு வார்த்தை.

'படம் சோறு போடுமா?'ன்னு என் பெரியப்பாவே கேட்டார். அவர் லாரி பாடி கட்டற பட்டறையில முப்பது வருஷம் இருந்தவர். 'ஏன் பெரியப்பா, உங்க பட்டறையில பெயிண்டருங்க சோறு சாப்பிடலீங்களா?'ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், 'ஒரு வண்டிக்குப் பின்னால மயிலு போட்டான்னா, டிரைவருங்க எறங்கி வந்து பாத்துட்டுப் போவாங்க கண்ணு. இப்ப எல்லாம் ஸ்டிக்கரு'ன்னார். படத்தோட அருமை எங்க ஊருக்குத் தெரியாம இல்லீங்க. காஷ்மீர் வரைக்கும் ஓடற லாரியில மயிலையும் தாமரையையும் ஏத்தி அனுப்பின ஊர் இது. வயித்துப்பாட்டுக்கும் கவிஞரே சாட்சி. பாட்டுக்குப் பேர் வர்ற வரைக்கும் அவருக்குச் சோறு போட்டது தூரிகை.

இன்னொரு ஆட்சேபம் வரும். 'வெள்ளைக்கார ராஜாவை வரைஞ்சதை எல்லாம் எதுக்கு வெளியே எடுக்கிறே? தேசபக்தருக்கு அது அசிங்கம் இல்லையா?' இல்லீங்க. பிறக்கறப்பவே கதர் கட்டிக்கிட்டுப் பிறந்தவரைப் பார்த்து எந்தப் பிள்ளைக்கும் எதுவும் கத்துக்க முடியாது. மாறினவரைப் பார்த்துத்தான் முடியும். சூஸோட அசிங்கமான கார்ட்டூனை அந்த ஊர்க்காரங்க எடுத்து வெச்சுக்கிட்டுப் பேசறாங்க. நம்மாள் மேல அப்படிப்பட்ட பழிகூட இல்லையே, நமக்கு என்ன பயம்?

அதனால நான் கேக்கறது மூணு. ஒண்ணு, கவிஞர் வரைஞ்ச படம் எது எது யார்கிட்ட இருக்குன்னு ஒரு பட்டியல் போட்டு, எல்லாத்தையும் நல்ல தரத்துல ஸ்கேன் எடுத்து இணையத்துல வைங்க. இந்தக் காலத்துல இது ராக்கெட் வேலை இல்லை, நான் தினமும் பண்ற வேலையைவிடச் சுலபம். சேலத்துலயும் நாமக்கல்லயும் கம்ப்யூட்டர் படிச்சுட்டு வேலை தேடற பசங்க நூறு பேர் கிடைப்பாங்க. ரெண்டு, நாமக்கல்ல ஒரு அறை. கிடைக்கிற அசலை மாட்டுங்க, கிடைக்காததுக்கு 'இது பிரதி'ன்னு நேர்மையா எழுதிப் பிரதியை மாட்டுங்க. விலைச்சீட்டு வேண்டாம். கோட்டைக்கும் ஆஞ்சநேயர் கோயிலுக்கும் கொல்லிமலைக்கும் சுற்றுலா வர்ற ஸ்கூல் பஸ் அங்கேயும் ஒரு அரை மணி நேரம் நிக்கட்டும். மூணு, அந்த வெள்ளிக்கிழமை கடைசி பீரியடைப் பிள்ளைங்களுக்கே திருப்பிக் கொடுங்க.

அரசாங்கம் செய்யட்டும்னு காத்திருக்கவும் வேண்டாம். கோடிக்கணக்குல கட்டடம் கட்டற பள்ளி நிர்வாகங்கள் இந்த மாவட்டத்துல இருக்கு. மாநில ரேங்க் அறிவிச்ச காலத்துல, ரேங்க் எடுத்த பிள்ளைங்க முகத்தை ஃபிளெக்ஸ்ல போட்டு ரோட்டோரம் எல்லாம் நட்டு வைக்கத் தெரிஞ்சுதில்ல? ஒரே ஒரு ஃபிளெக்ஸ்ல கவிஞர் வரைஞ்ச படத்தைப் போட்டுப் பாருங்க.

பாடநூல் போடறவங்களுக்குக் கடைசியா ஒண்ணு. அவர் பாட்டு பாடமா வர்ற பக்கத்துல எப்பவும் அவர் போட்டோதானே வருது? அதை எடுத்துட்டு அவர் வரைஞ்ச ஒரு ஓவியத்தைப் போடுங்க. கீழே 'ஓவியம்: வெ. ராமலிங்கம், நாமக்கல்'னு ஒரு வரி போதும். தயவு செஞ்சு அதை மட்டும் ரெண்டு மார்க் கேள்வி ஆக்கிடாதீங்க.